அட்டமித் தண்ணீர்

எதிரியிடம் கைதியாக இருந்த என் அண்ணனை மீட்கத் திட்டம் போட்ட மேஜர் எங்கள் குப்பத்துக்கு வந்தார். அவருடைய ஆங்கிலத்தை அம்மாவுக்குச் சொல்ல என்னைத் தவிர அங்கே ஆள் இல்லை. எழுபத்தொன்றாம் ஆண்டுப் போர் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பட்டாளத்துக்குப் போன அண்ணனைக் 'காணவில்லை' என்று ஒரு தந்தி மட்டும் வந்திருந்தது.

நான் அப்போது காக்களூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் டைப்பிஸ்ட். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அந்த நினைப்பில்லாமல் நான் ஒரு நாளும் தெருவில் நடந்ததில்லை. லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட புடவையோடு பழவேற்காடு ஏரிக்கரையில் இறங்கினேன். சித்தி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"தோ வந்துட்டாங்க கலெக்டரம்மா. இன்னாடி, மீன் நாத்தம் ஒத்துக்குதா?"

மேஜர் புதுவாயல் வழியாக ஜீப்பில் வந்தார். வடநாட்டுக்காரர், உயரமானவர். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார், நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன்.

போர் அறிவிக்கும் முன்பே, கிழக்கு எல்லையில் அண்ணனையும் வேறு ஆறு பேரையும் பிடித்து ஆற்றங்கரைச் சணல் கிடங்கு ஒன்றில் அடைத்திருந்தார்கள். கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஆறு அது. கிடங்குக்குக் காய்கறி கொண்டுபோகும் படகுக்காரர் மூலம் மேஜர் உள்ளே செய்தி அனுப்பினார். கிடங்குக்குப் பின்னால், நாணலுக்குள் ஒரு படகு நிற்கும். தண்ணீர் ஏறும் நேரத்தில் ஏழு பேரும் ஏறிவிட வேண்டும். படகு ஓட்டத் தெரிந்தவன் அண்ணன் ஒருவன்தான். ஆறு பேர் இக்கரை வந்து சேர்ந்தார்கள்.

ஆறு என்று சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா அழவில்லை.

"அன்னிக்கு இன்னா திதின்னு கேளு."

எனக்குக் கூசியது. ஒரு மேஜரிடம் போய்த் திதி கேட்பதா? "அதெல்லாம் அவங்க பாக்க மாட்டாங்கம்மா" என்றேன்.

"நீ கேளுடி."

சித்தி பின்னாலிருந்து முணுமுணுத்தாள். "மீச அவ்ளோ பெருசா கீது, ஒரு பஞ்சாங்கம் இல்லியா?" அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

தேதியை மட்டும் கேட்டேன். அவர் சொன்னார். விரல்விட்டு எண்ணினேன். கார்த்திகை தீபத்துக்கு ஏழு நாள் முன்பு.

"அட்டமி" என்றாள் அம்மா.

எங்கள் குப்பத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அமாவாசை, பௌர்ணமிக்குத்தான் தண்ணீர் நன்றாக ஏறும். அட்டமியில் ஏறின மாதிரி இருக்கும், ஏறியிருக்காது. ஏழு பேர் பாரத்தோடு படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். இது எனக்கும் தெரியும். படிப்பு வந்தபின் அதை ஒரு அறிவாகவே நான் எண்ணவில்லை.

"எம் புள்ள வாணாம்னு சொல்லியிருப்பானே. இவர் கேக்கலியான்னு கேளு."

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

மேஜர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஆமாம், சொல்லி அனுப்பினான், ஒரு வாரம் பொறுக்கச் சொன்னான். அதற்குள் கைதிகளை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று எனக்குத் தகவல் இருந்தது. அவன் பயப்படுகிறான் என்று நினைத்தேன். நாள் குறித்தது நான்தான்."

அதை அப்படியே சொன்னேன். 'பயம்' என்ற சொல் வந்ததும் அம்மா எழுந்து நின்றாள்.

"படகு தர தட்டிச்சா?"

அவரிடம் கேட்டேன். "தட்டிச்சாம்மா."

"எறங்கித் தள்ளினானா?"

அந்தக் கட்டத்தை இன்னும் சொல்லாத மேஜர் என் முகத்தைப் பார்த்தார். நான் கேட்டதும் தலையசைத்தார். இறங்கித் தள்ளினான். படகு நகர்ந்தது. அதற்குள் சுட ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

"செத்தத யாருனா பாத்தாங்களா?"

"இல்லம்மா."

"அப்ப எழுதிக் குடுக்கச் சொல்லு. எம் புள்ள பயந்து சொல்லல, தண்ணி தெரிஞ்சி சொன்னான்னு எழுதச் சொல்லு."

என் சுருக்கெழுத்து நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். மேஜர் அப்போதுதான் உட்கார்ந்தார். நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது அம்மாவுக்கு ஒரு சல்யூட் வைத்தார். அம்மா அதைக் கவனிக்கவில்லை, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து வந்த வருஷங்களில் அந்த நாலு வரியை எத்தனை முறை டைப் அடித்தேன் என்று தெரியாது. டெல்லிக்கு மனு போட்டேன், ஒவ்வொன்றோடும் அதன் நகலை இணைத்தேன். முதலில் பதில் வந்தது, எல்லாப் பதிலிலும் அதே 'காணவில்லை'. கைதிகளைத் திருப்பி அனுப்பியபோது நானும் அம்மாவும் ரேடியோவை விட்டு நகரவில்லை. பிறகு பதிலும் நின்றுவிட்டது. தொழிற்சாலையில் எல்லாரும் என் ஆங்கிலத்தைப் புகழ்வார்கள். அந்த ஆங்கிலத்தால் ஒரு மனிதன் இருக்கிறானா இல்லையா என்றுகூட என்னால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

லீவில் போகும்போதெல்லாம் அம்மா அந்தத் தாளை எடுத்து வருவாள். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்னால் பசை போட்டு ஒட்டியிருக்கிறாள். நான் படித்துக் காட்ட வேண்டும்.

"பயம் இல்லன்னு எங்க போட்டுகீது?"

விரலை அந்த இடத்தில் வைப்பேன். அவளும் விரலை அங்கேயே வைப்பாள்.

போன வாரமும் அப்படித்தான். படித்து முடித்ததும் தாளை மடித்தபடியே சொன்னாள். "தீபத்துக்குத் தண்ணி ஏறும். அதுக்குள்ள இன்னொரு தபா எழுதிப் போடு."

நேற்று எழுதிப் போட்டேன்.