காலி வீட்டில் லத்தீன்

அந்த யோசனை ஒரு தும்மலோடு வந்தது. டெல்லி துவாரகாவில் அக்காவின் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். சோபாவும் திரைச்சீலைகளும் லாரியில் ஏறிய பிறகு, கூடத்துத் தூசியில் நான் ஒரு தும்மல் போட்டேன். அது நாலு சுவரையும் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாவகாசமாகத் திரும்பி வந்தது.

"அக்கா, கேட்டீங்களா? இங்கேயே ரெக்கார்ட் பண்ணிடலாம்!"

"ஏட்டி, முதல்ல மூக்கத் தொடச்சுக்க."

அக்கா பாளையங்கோட்டைக்காரர். எங்கள் ஏழு பேர் பாடகர் குழுவை நடத்துபவர். கணவருக்குக் கோவைக்கு மாற்றல். அவர் மகனோடு முன்னதாகவே ரயிலேறிவிட்டார். அக்கா போனபின் குழு என்னவாகும் என்று தெரியாது. அவர் குரல் உள்ள ஒரு நல்ல பதிவாவது மிஞ்ச வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். வீட்டுக்காரரும் அக்கா கிளம்பும்வரை சாவியை எங்களிடமே விட்டிருந்தார்.

பாட்டு, சில நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பியத் தேவாலயங்களுக்காக எழுதிய லத்தீன் திருப்பலிப் பாட்டு. வாத்தியமே கிடையாது. ஒரு குரல் கிளம்பும்; அதே வரியைப் பிடித்துக்கொண்டு அடுத்தது பின்னால் வரும்; நாலாவது குரல் வாசலைத் தாண்டும்போது முதல் குரல் தெருமுனையில் இருக்கும். கல் மண்டபத்தின் எதிரொலிக்காகச் செய்த பாட்டு. எங்களுக்கு வாய்த்தது டைல்ஸ் போட்ட கூடம்.

நான் பள்ளி முடியும்வரை கர்நாடக சங்கீதம் கற்றவள். நீண்ட சுரத்தைக் கண்டால் தொண்டை தானாகவே கமகம் போடும்.

"ஏட்டி, ஆட்டாத. சுரம் அங்கன நிக்கட்டும். அது என்ன ஊஞ்சலா?"

நான் ஆட்டாமல் நின்றபோது, தலைக்கு மேலே விமானம் ஆட்டியது. துவாரகாவில் அதற்குக் குறைவில்லை. எங்கள் ஒரே கட்டைக் குரல்காரரான அண்ணா விமான நிலையத்தில் வேலை பார்ப்பவர். பதிவு நடுவில் நின்றுபோன கடுப்பில் எல்லோரும் இருக்க, அவர் மட்டும் கூரையைப் பார்த்து, "மும்பை. லேட்டா போகுது" என்றார்.

ஆகவே, இரண்டு விமானங்களுக்கு நடுவே துண்டு துண்டாகப் பாடினோம். ஒவ்வொரு துண்டுக்கு முன்னும் என் போனிலிருந்த சுருதிப்பெட்டியைக் கேட்டுக்கொண்டோம். ஞாயிறு மாலை துண்டுகளை லாப்டாப்பில் ஒட்டிக் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பாடப் பாடச் சுருதி மெல்ல இறங்கியிருந்தது. அடுத்த துண்டு மறுபடி மேலேயிருந்து ஆரம்பித்தது. படிக்கட்டில் வழுக்கி, எழுந்து ஓடிப்போய், மறுபடியும் வழுக்குகிற ஏழு பேர் மாதிரி இருந்தது. முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் பாடினால்தான் உண்டு. அதற்கு ஐந்து நிமிடமாவது விமானம் ஓயவேண்டும். துவாரகாவில்!

இன்று காலை கண் விழித்தால் ஜன்னலில் எதிர் பிளாக்கே இல்லை. பால் மாதிரி மூடுபனி. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். வானத்தில் ஒரு சத்தம் இல்லை. "ஜல்தி வாங்க!" என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். மெட்ரோ பிடித்து, மப்ளரும் இருமலுமாக ஆறு பேர் சேர்ந்துவிட்டோம். அண்ணாவைக் காணோம். போன் போட்டால் அவருக்குப் பின்னால் ஒரு போர்க்களமே கேட்டது.

"ஃபிளைட் போகலைன்னா ஜனங்க யாரைத் திட்டுவாங்கன்னு நினைச்சே? என்னைத்தான்!"

விமானத்தை நிறுத்திய பனி எங்கள் அண்ணாவையும் அங்கேயே நிறுத்திவிட்டது. மாலையில் அக்காவுக்கு விமானம். "அவர் இல்லாமலே பாடிடலாமா?" என்றேன்.

"காலில்லாத கட்டில்ல என்னையப் படுக்கச் சொல்லுதியா?"

இருந்தும் ஒரு முறை பாடிப் பார்த்தோம். பாட்டு அந்தரத்தில் மிதந்தது. ஆனால் சுருதி இறங்கவேயில்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாளும் இறக்கியது யார் என்று தெரிந்துபோயிற்று. இன்டர்காமில் காவலாளி, "மேடம்ஜி, சத்சங் சல் ரஹா ஹை க்யா?" என்று, பஜனை நடக்கிறதா என விசாரித்தார். "ஹாஞ்ஜி பையா" என்று ஆமோதித்தார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மதியம் அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். உத்தியோகக் குரல்: "மேடம், வானிலை காரணமாக உங்கள் விமானம் ரத்து செய்யப்படுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்."

"ஏல, யாருட்டல மேடம்ங்குத?"

"நாளை மதியம் சீட் போட்டாச்சுக்கா. எனக்கு ராத்திரி டூட்டியும் சேர்த்து விடியற்காலைலதான் ஷிஃப்ட் முடியுது. யூனிஃபார்மோட வந்துடறேன்." அண்ணாவேதான்.

நான் போட்ட கூச்சலும் சுவரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது.

அக்கா இப்போது என் அறையில், என் ரஜாய்ப் போர்வையை முழுதாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திட்டம் இதுதான். நாளை விடிந்ததும், பனி விலகுவதற்குள், முழுப் பாட்டும் ஒரே மூச்சில். அண்ணாவைச் சமையலறை வாசலில் நிறுத்தி, அவர் ஒரு காதில் இயர்போன் வழியே சுருதிப்பெட்டியை மாட்டிவிடுவது. அதையும் மீறி அவர் இறக்கினால்? அதற்காக எல்லோரும் அரைச் சுரம் மேலேயே ஆரம்பிக்கிறோம். உச்சத்தில் பாடவேண்டியவள் நான். இஞ்சியைத் தட்டிப்போட்டு அடுப்பில் வைத்திருக்கிறேன்.