ஓசியில் வந்த பஸ் கேம்

என் வலைப்பக்கத்தைப் படிக்கிறவர்கள் மொத்தம் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் அலுவலகத் தோழிகள், ஒருத்தன் சண்டைக்கென்றே வருகிறவன். அதுவரை மூன்றே மூன்று வீடியோ கேம்களுக்குத்தான் விமர்சனம் எழுதியிருந்தேன். இந்த லட்சணத்தில், தான் செய்த பஸ் கேமை இலவசமாகத் தருவதாகவும், விளையாடிப் பார்த்து எழுதும்படியும் முன்பின் தெரியாத ஒருவர் மெயில் அனுப்பினால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? கீழே ஜலகண்டாபுரம் முகவரி வேறு, தெருப்பெயரோடு. ஏமாற்றுகிறவன் இவ்வளவு விவரம் கொடுப்பானா என்று ஒரு மனசு கேட்டது. ஏமாற்றுகிறவன்தான் கொடுப்பான் என்றது இன்னொரு மனசு. லிங்க்கைத் தொடவே இல்லை.

அப்பாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"ஓசியில எவன் சாமி குடுப்பான்? இரு, நான் விசாரிச்சுட்டு வாரேன்" என்றார்.

எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் விசாரிக்காமல் எதுவும் நடக்காது. மாடு வாங்கினாலும் சரி, பெண் எடுத்தாலும் சரி, அந்த ஊர் டீக்கடையில் ஒரு டீயைக் குடித்துக்கொண்டே யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு வர வேண்டும். அப்பா மறுநாளே எடப்பாடி வழியாகப் பைக்கில் போனார். சாயங்காலம் திரும்பியவர் முகத்தில் அப்படியொரு திருப்தி. தங்கமான பையனாம். கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டிலிருந்தே கேம் செய்கிறானாம். பீடி, சிகரெட் கிடையாதாம். சொந்த வீடாம், ஒரே பையனாம். கேமைப் பற்றி விசாரிக்கப் போனவருக்கு, ஒரே பையனா, இரண்டு பையனா என்பதெல்லாம் எதற்கு? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது?

கேமை இறக்கிக்கொண்டேன். சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குத் தனியார் பஸ் ஓட்ட வேண்டும். பின்னால் வருகிற பஸ் முந்துவதற்குள் ஆளை ஏற்ற வேண்டும். ஹாரன் சத்தம் அசல். முதல் அரை மணி நேரம் ஆசையாக ஓட்டினேன். நாலே நாளில் சலித்துவிட்டது. ஆட்கள் கதவை விட்டுவிட்டு ஜன்னல் வழியாக ஏறினார்கள். வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதி, வெளியிடுவதற்கு முன் ஒருமுறை படித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அப்பாவின் போன் அடித்தது. அவர் தோட்டத்தில் இருந்ததால் நான்தான் எடுத்தேன். கேம் செய்தவரின் அம்மா பேசினார்.

"ஏனுங்க, பொண்ணு போட்டோ அனுப்பறேன்னு சொன்னாராமுங்க. இன்னும் வரலீங்களே?"

எனக்கு உச்சந்தலை கொதித்தது. அப்பா வந்ததும் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டேன். பெண் வீடா என்று டீக்கடையில் அவர்களாகத்தான் கேட்டார்களாம். இவர் இல்லை என்று சொல்லவில்லையாம். நம்பரையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"போனது போனோம், அதையும் ஒரு வார்த்தை கேட்டு வெச்சேன். தப்பா சாமி?"

தப்பா! இனி நான் கேமைப் புகழ்ந்தால் பெண் வீட்டு ஜால்ரா என்பார்கள். குறை சொன்னால் சம்பந்தம் பிடிக்காத கோபம் என்பார்கள். நாலாவது விமர்சனத்திலேயே என் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போய்விடும். எழுதாமலே விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்த மெயில் வந்ததே இதற்காகத்தானோ, அப்பாவும் கூட்டோ என்று எல்லோர் மேலும் சந்தேகம். கடைசியில் ஒரு வரியையும் மாற்றாமல் வெளியிட்டேன்.

இரண்டு வீட்டிலும் படித்தார்கள். அவருடைய அம்மா போன் செய்து, பெண்ணுக்கு இஷ்டமில்லை என்றால் நேராகச் சொல்லியிருக்கலாமே, இப்படி ஊரறிய எழுத வேண்டுமா என்று அப்பாவிடம் வருத்தப்பட்டார். என் அம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தோழிகள்கூட, மாப்பிள்ளை ஏன் பிடிக்கவில்லை என்றுதான் கேட்டார்கள். நான் பிரேக்கைப் பற்றித்தான் எழுதினேன் என்று ஒருத்தராவது நம்ப வேண்டுமே! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் அவரிடமிருந்து மெயில். திட்டத்தான் எழுதியிருப்பார் என்று திறந்தேன். ஒரே வரி.

"ஏனுங்க, பிரேக் புடிக்காதது மல்லூர் வளைவுல மட்டுமா, எல்லா வளைவுலயுமுங்களா?"

இதில் என்ன உள்குத்து இருக்கிறதோ என்று நாலு தடவை படித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. சேலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வண்டியை எடுத்து, ஒவ்வொரு வளைவாகக் குறித்துக்கொண்டே ஓட்டினேன்.