கிழிந்த பச்சைத் துணி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்று கறம்பக்குடியில் என் சொந்தக் கட்டடத்து மாடியில் பில்லியர்ட்ஸ் மேசை போட்டிருக்கிறேன். நேற்று என் பேத்தி கம்பால் அடித்து, வெள்ளைப் பந்தை இன்னொரு பந்துக்கு மேலே தாவ வைத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். என் கண் மட்டும் மேசைத் துணி கிழிந்திருக்கிறதா என்று தேடியது.

புதுக்கோட்டையில் ஒரு கிளப்புக்கு அப்பா வாட்ச்மேன். ஒருநாள் மதியம், ஆளில்லாத நேரத்தில், நானும் அக்காவும் உள்ளே புகுந்து அங்கிருந்த பில்லியர்ட்ஸ் மேசையில் அந்தத் தாவலைப் பழகினோம்.

"அடியில குடுத்துத் தூக்குடா, மம்பட்டியால மண்ணள்ற மாதிரி," என்றாள் அக்கா.

மேலிருந்து அடித்தால்தான் பந்து எகிறும் என்பது எங்களுக்குத் தெரியாது. அள்ளினேன். பந்து எழும்பவில்லை, பச்சைத் துணி விரல் நீளத்துக்குக் கிழிந்தது.

சாயங்காலம் கிளப் செக்ரட்டரி அதைப் பார்த்துவிட்டார். அப்பா அவர் முன்னால் போய் நின்றார்.

"நாந்தாங்கய்யா. ஆசையில ஆடிப் பாத்துட்டேன்."

"எப்படி ஆடுனே, காட்டு."

அப்பா கம்பைக் கடப்பாரை மாதிரிப் பிடித்தார். செக்ரட்டரி கதவோரம் நின்ற என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு தம்பி. ஒங்கப்பாதானா?"

எந்தச் சபையிலும் முதல் ஆளாகப் பேசுகிறவன் நான். அன்று ஆமென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் காலையில் அப்பா வேலைக்குக் கிளம்பவில்லை.