நோட்ஸின் கடைசி வரி

செங்கல்பட்டு ஸ்டேஷன் எதிரே மாடியில் நான் லினக்ஸ் பாடம் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரின் ஓனரை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டாயிரம் பிறந்த புதிது. கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடும் மென்பொருளே மாறிக்கொண்டிருந்தது. பழையது லைலோ, புதியது க்ரப். லைலோவில் எதை மாற்றினாலும் கடைசியில் ‘லைலோ’ என்று ஒரு கட்டளை அடித்தாக வேண்டும். க்ரப்புக்கு அது வேண்டாம். பழையதையே சொல்லும் சென்டர் நோட்ஸை மாற்றலாமா என்று ஓனரிடம் கேட்டேன்.

“இன்னாத்துக்கு? அச்சடிச்சது ரூம் ஃபுல்லா கீது. தீரட்டும், அப்பால பார்த்துக்கலாம்.”

கஞ்சப் பிசினாரி. நானும் வாயைப் பொத்திக்கொண்டு வந்து அதே நோட்ஸை நடத்தினேன். ‘லைலோ’ என்று அடிக்கச் சொல்லும் கடைசி வரியை ஐந்து தடவை எழுத வைப்பேன். மறந்தால் மெஷின் எழாது என்று மிரட்டுவேன்.

கடப்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து ஒருவர் படிக்க வருவார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். சிறுசேரியில் ஒரு கம்பெனியில் தெரிந்தவர் மூலமாக வேலைக்கு ஒரு டெஸ்ட் எழுதக் கூப்பிட்டார்கள். அதுவும் போனால் மச்சானோடு மீன் பிடிக்கப் போக வேண்டியதுதான். படகில் ஏறினாலே அவருக்கு வாந்தி.

டெஸ்ட்டில் கொடுத்தது க்ரப் போட்ட மெஷின். ஃபைலைச் சரியாகத்தான் மாற்றியிருக்கிறார். எழுந்தவர், கடைசி வரி ஞாபகம் வந்து மறுபடி உட்கார்ந்து அதையும் அடித்திருக்கிறார். பழைய லைலோவை அந்த மெஷினிலிருந்து யாரும் எடுத்திருக்கவில்லை. அது க்ரப்பை அழித்துவிட்டுத் தன்னை எழுதிக்கொண்டது. மெஷின் எழவில்லை. வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் சென்டருக்கு வந்து இதையெல்லாம் சொன்னார். ஓனர் டீயை உறிஞ்சிக்கொண்டே, “ஒயுங்கா படிக்க வாணாமா அண்ணாத்த?” என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் மேஜையைக் குத்தினேன்.

“அவரு ஒயுங்காத்தான்யா படிச்சாரு. உன் புக்குதான் குப்பை. அது மாறி ஒரு வருசம் ஆவுது, உன்கிட்ட நான் சொல்லல?”

இன்னும் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

கடப்பாக்கத்துக்காரர் ஓனரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரிஞ்சிகினேதான் அஞ்சு தபா எய்த வெச்சீங்களா சார்?”