சம்பந்தி வீட்டுப் பதிமூன்று சீட்டு

காமினிக்குக் குறை கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. பாயான் பாரு மின்னணுத் தொழிற்சாலையில், கையில் வரும் மின்சுற்றுப் பலகையில் ஈயப்பொட்டு கொஞ்சம் விலகியிருந்தாலும் ஒதுக்கிவிடுவாள். வீட்டிலும் அதே கண்தான். கணவர் லோகேஸ்வரன் புதுச் சட்டை போட்டால் அவள் முன்னால் வந்து நிற்கவே பயப்படுவார்.

அப்படிப்பட்டவளிடம் சம்பந்தி வீட்டில் யாரும் ஒரு குறையும் சொல்வதில்லை. அதுதான் அவளைக் குடைந்தது. மகன் தயாளன் போன வருடம் சீனப் பெண்மணி சியூ லானின் மகளைக் கட்டினான். அன்றிலிருந்து அங்கே உபசாரமோ உபசாரம், சோபாவை விட்டு எழ விடமாட்டார்கள். கடைசிவரை விருந்தாளியாகவே இருந்துவிடுவோமோ என்று அவளுக்கு உள்ளூர வருத்தம்.

சீனப் புத்தாண்டன்று சாப்பாடு முடிந்து மேசையில் சீட்டு இறங்கியது. பந்தயம் காசில்லை, வறுத்த கச்சான் கடலைதான். காமினி கேட்காமலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

தயாளன் விதியைச் சொன்னான். "இதுவும் போக்கர்தாம்மா, ஆனா ஆளுக்குப் பதிமூணு சீட்டு. முன்னால மூணு, நடுவுல அஞ்சு, பின்னால அஞ்சுன்னு பிரிச்சு வெக்கணும். பின்னால போகப் போக பலம் கூடணும். மாறிப் போச்சுன்னா ஃபவுல். எல்லாருக்கும் கச்சான் குடுக்கணும்."

பதிமூன்று என்றதுமே காமினிக்குத் தைரியம் வந்துவிட்டது. புக்கிட் மெர்தாஜாமில் தீபாவளிக்குத் தீபாவளி ரம்மி ஆடி வளர்ந்த கை. மற்றதெல்லாம் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போனது. மூன்று ராஜா சேர்ந்து வந்ததும் ஜம்மென்று முன்னால் நிறுத்தினாள். நடுவில் வெறும் இரண்டு ஜோடி. போக்கர் கணக்கில் மூன்று ராஜா அதைவிடப் பெரிது.

மேசை ஒரு கணம் தயங்கியது. சியூ லான் மலாயில், "நல்லாத்தான் ஆடினீங்க" என்று சிரித்து, ஒரு பிடி கச்சானை அவள் பக்கம் தள்ளினாள்.

அடுத்த ஆட்டத்தில் சியூ லானின் தம்பி அதே தப்பைச் செய்தான். கேலி கூரையைப் பிய்த்தது. அவன் கச்சானை ஒட்ட வழித்துவிட்டார்கள்.

"டேய், நான் வெச்சதும் ஃபவுல்தானே?" என்று மகனிடம் மெல்லக் கேட்டாள் காமினி.

"ஆமாம்மா. கெஸ்ட்டுன்னு விட்டுட்டாங்க லா."

அவளுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. அதன்பிறகு ரம்மியை மூட்டை கட்டிவிட்டு, பின் வரிசையிலிருந்து முன்னோக்கி அடுக்கப் பழகினாள். பிறர் சீட்டையும் தொழிற்சாலைக் கண்ணோடு பார்த்தாள். அப்போதுதான் சியூ லான் பேச்சு சுவாரஸ்யத்தில் முன்னால் ஏஸ் ஜோடியையும் நடுவில் ராணி ஜோடியையும் விரித்துவிட்டு, ஜெயித்த நினைப்பில் கச்சானை வாரத் தொடங்கினாள். வேறு யாரும் கவனிக்கவில்லை.

பெண் கொடுத்த வீட்டுக்காரியை, அவள் வீட்டிலேயே, நல்ல நாளும் அதுவுமாகக் குற்றம் சொல்வதா? காமினியின் முகம் போன போக்கைப் பார்த்து, தயாளன் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தான். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

"ஃபவுல்" என்றாள்.

சியூ லான் குனிந்து தன் சீட்டைப் பார்த்தாள். கழுத்துவரை சிவந்தது. பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்து, வாரியதையெல்லாம் திருப்பித் தள்ளினாள்.

மறு ஆட்டத்தில் அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேசைமேல் சாய்ந்து, காமினியின் சீட்டை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். வெற்றி மிதப்பில் காமினி நடு வரிசையைப் பின் வரிசைக்கு மேலாகக் கட்டியிருந்தாள்.

"ஏய் காமினி, ஃபவுல்." இரண்டு கையாலும் அவள் கச்சான் முழுவதையும் வழித்தெடுத்தாள் சியூ லான். "ஒண்ணுமில்லாம எப்படி ஆடுவே? கச்சான் டின் உள்ளே சமையல்கட்டுல இருக்கு. போய் நீயே எடுத்துட்டு வா."

எந்த அலமாரி என்று அவள் சொல்லவில்லை, காமினியும் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து தேடினாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.