குழு எண் இல்லாத தம்பி

ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையின் நிலக்கீழ் அறையில் எனக்கு வேலை. அங்கே நோயாளிகள் வருவதில்லை. அவர்களுடைய அறுவைச் சிகிச்சை அறிக்கைகள்தான் வரும். அவற்றை வாசித்து ஒவ்வொருவரையும் ஒரு குழுவில் போடவேண்டும். குடல்வால் எடுத்தவருக்கு ஒரு குழு; அது வெடித்துச் சீழ் பரவியவருக்கு அதைவிடக் கனமான இன்னொரு குழு. அந்தக் குழுவுக்குரிய 'ஃபால்பவுஷாலே' என்ற ஒற்றைத் தொகையைக் காப்புறுதி நிறுவனம் மருத்துவமனைக்குக் கொடுக்கும். "இன்று எனக்கு அருமையான ஒரு குடல்வால்" என்பாள் பக்கத்து மேசை மோனிகா. வந்த புதிதில் திடுக்கிட்டேன். பிறகு நானும் அப்படிப் பேசப் பழகினேன்.

ஊரில் ஒருவரும் இப்படி வகுப்பதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஆண்டுக்கென நிதி வரும். வாட்டில் நாங்கள் வெறும் கட்டில் இலக்கம். என்னைப் பெற்ற ஐயாவுக்கு ஹேர்ணியா வெட்டியபோது, வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டியதும் வேட்டியை இறுக்கிக்கொண்டு வள்ளத்துக்கு நடந்தார். ஒருவரும் ஒரு சதம் கேட்கவில்லை.

போன சோழகக் காற்றுக் காலத்தில் எங்கள் ஊரான அனலைதீவிலிருந்து மச்சாள், என் தம்பி குணத்தின் மனைவி, தொலைபேசி எடுத்தாள். குணத்துக்கு முதல்நாளிலிருந்து வயிற்றுநோவாம், சத்தியெடுக்கிறானாம். கடல் இரைவதால் ஆஸ்பத்திரிக்குப் போக ஊர்காவற்றுறைக்கு வள்ளம் விடவில்லையாம். வலப்பக்கம் கீழேயா நோகிறது என்று கேட்டேன். ஓம் என்றாள். எப்படியாவது கொண்டுபோகச் சொன்னேன்.

மத்தியானம் குணமே எடுத்தான். குரல் தெளிவாக இருந்தது.

"நோ குறைஞ்சிட்டுது அக்கா. வாயுவாத்தான் இருந்திருக்கும். நீ யோசிக்காதை."

குடல்வால் நோவு திடீரென்று அடங்கினால் அது வெடித்துவிட்டது என்று பொருள். எத்தனையோ அறிக்கைகளில் அந்த வரியை வாசித்திருக்கிறேன்.

"நீ இப்பவே வெளிக்கிட வேணும் குணம்."

"கடலைப் பார்த்தா இப்பிடிச் சொல்லமாட்டாய்" என்று சிரித்தான்.

மச்சாள் கடற்றொழில் செய்பவர்களிடம் ஓடினாள். காற்றுச் சற்றுத் தணிந்ததும் அவர்கள் துணிந்து அவனைக் கொண்டுபோனார்கள். யாழ்ப்பாணத்தில் உடனேயே வெட்டினார்கள். இயன்றதெல்லாம் செய்தார்கள். ஆனால் நஞ்சு இரத்தத்தில் கலந்திருந்தது. நான் விமானச்சீட்டுத் தேடிக்கொண்டிருக்கும்போதே குணம் போய்விட்டான். செத்தவீட்டுக்கும் என்னால் போய்ச்சேர முடியவில்லை.

செலவைக் காப்புறுதி கொடுத்ததா என்று மோனிகா கேட்டாள். அங்கே காசே கேட்கவில்லை என்றேன். "அதுவாவது நல்லது" என்று என் தோளைத் தடவினாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அதே கிழமை வெடித்த குடல்வால் ஒன்று என் மேசைக்கு வந்தது. குணத்தின் வயதுதான். மனைவி காரில் கொண்டுவந்திருக்கிறாள். சுகமாகி நடந்தே வீட்டுக்குப் போயிருக்கிறார். அவரைக் கனமான குழுவில் போட்டேன். குணத்தை எதில் போடுவது என்றும் என் கைக்குத் தெரிந்திருந்தது. வள்ளம் விடாத நாளுக்குத்தான் அங்கே ஒரு குறியீடும் இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போனேன். ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் கடல் எண்ணெய் வார்த்ததுபோலக் கிடந்தது. வள்ளக்காரப் பெடியன் என் காற்சட்டையையும் பையையும் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கேட்டான்.

"தீவு பார்க்க வந்தனீங்களோ?"

என் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஓம்" என்றேன்.

நல்ல காட்சி தெரியும் என்று முன்பக்கத்தில் இடம்விட்டான். நான் தீவுக்கரைக்கு முதுகைக் காட்டியபடி இருந்தேன்.