லைற் வருதாம்

எங்கள் ஊரில் ‘லைற்’ என்றால் மின்சாரம். வேறு பொருள் அந்தச் சொல்லுக்கு அங்கே இருக்கவில்லை. கலியாண வீட்டுக்கு வாடகைக்கு வந்து, தோட்டத்து மூலையில் நின்று இரைகிற ஜெனரேற்றர் கூட எங்களுக்கு லைற் எஞ்சின்தான். உருத்திரபுரத்தில் வாய்க்கால் இருந்தது, நெல் இருந்தது, வேண்டிய மட்டும் நுளம்புக்கடி இருந்தது. லைற் இருக்கவில்லை. கொழும்பில் கனகாலம் இருந்துவிட்டு வந்த சின்னம்மா இதை மறந்துபோனார். பாரமில்லாதது என்பதற்கும் அவர் அந்தச் சொல்லையே சொல்லிப் பழகியிருந்தார். ஒரு சொல் ஒரு ஊரையே கூட்டிவரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அது இரண்டு சண்டைகளுக்கு நடுவே வந்த சமாதான காலம். பாதை திறந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எங்கள் கிணற்றடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அப்போதுதான் அம்மாவின் தங்கச்சியான சின்னம்மா ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டி வந்து இறங்கினார். பையில் உடுப்பைவிட சீடிகள் கூடுதலாக இருந்தன. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர் நின்றுவிட்டார். காரணம் பொதுநோக்கு மண்டபத்துக்குள் தூசி தின்றுகொண்டிருந்த ஐந்து கொம்பியூட்டர்கள். ஊரைவிட்டுப் போன யாரோ ஒருவர், தான் வேலை செய்த கந்தோரில் கழித்துவிட்டதைக் கப்பலில் போட்டு அனுப்பியிருந்தார். தானம் என்றால் அப்படித்தான், நடக்க மாட்டாத மாடாகப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

சின்னம்மா அவற்றை வைத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கினார். அவற்றை உயிர்ப்பிப்பது பெரிய பாடு. சுவிட்சைப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி, வழியில் யாரோடாவது கதைத்து, திரும்பி வந்தாலும் திரையில் காத்திருக்கச் சொல்லும் அந்த மணற்குடுவை சுழன்றுகொண்டே இருக்கும். அதுவரை வெளியே லைற் எஞ்சின் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டிருக்கும். ஊர்ச் சங்கம் ஒரு வகுப்புக்கென்று தருகிற எண்ணெயில் பாதி, பெட்டி கண் விழிப்பதற்கே போய்விடும். சின்னம்மா இருந்ததை அழித்துவிட்டு, லினக்ஸ் என்ற ஒன்றைப் போட்டார். ஒரு பெட்டியை மட்டும் ஒப்பிட்டுக் காட்ட அப்படியே விட்டார். லினக்ஸுக்கு முகமாக, நகைநட்டு ஒன்றும் இல்லாத, தேவையானது மட்டும் உள்ள ஒரு திரையை வைத்தார். கிழட்டு மிசினும் மூச்சு வாங்காமல் அதைத் தூக்கியது. காசில்லை. பிரதி எடுத்து யாருக்கும் கொடுக்கலாம், களவில்லை. அதன் பெயர் நாலு ஆங்கில எழுத்து, யாருடைய வாயிலும் நிற்கவில்லை. சின்னமாக ஒரு எலி இருந்ததால் ஊர் அதை எலி என்றது.

ஊருக்கு எலி பிடிக்கவில்லை. பட்டணத்து வகுப்புகளில் எல்லாரும் படிப்பது இருக்க, எங்கள் பிள்ளைகள் மட்டும் ஏன் வேறொன்றைப் படிக்க வேண்டும் என்று தாய்தகப்பன்மார் முணுமுணுத்தார்கள். கூட்டம் போட்டு முடிவெடுப்போம், ஊர் வேண்டாமென்றால் பெட்டிகளைப் பட்டணத்து வகுப்புக்காரருக்கே கொடுத்துவிடுவோம் என்றார் சங்கத் தலைவர். இதற்குள் கனடாவிலிருந்து சின்னம்மாவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளையின் படத்தைச் சின்னம்மா கையில் வாங்கவேயில்லை. குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டே அம்மா ஒரு நாள் சொன்னார்.

“கூட்டத்தில ஓமெண்டு சொல்லிச்சினமெண்டா நீ நில். இல்லையெண்டா கனடாக்காரருக்கு நான் ஓமெண்டு சொல்லிப்போடுவன். பிறகு என்னோட கதைக்கப்படாது.”

சின்னம்மா சரி என்றார். எனக்குப் பத்து வயது. சின்னம்மா போய்விட்டால் என் தலையைப் பின்னிவிடவும், இரவில் கதை சொல்லவும், அம்மாவிடம் எனக்காக வாதாடவும் ஆளில்லை. அந்தக் கூட்டம் எனக்காகவே நடப்பதாக நினைத்துக்கொண்டேன்.

அறிவித்தல் தலைவரின் பொறுப்பு. சின்னம்மா அவரிடம் விளக்கமாகத்தான் சொன்னாராம்: இது லைற்றானது, பழைய சாமானிலும் ஓடும், இலவசம், எல்லா வீட்டுக்கும் பரவ வேண்டும். தலைவர் லாண்ட்மாஸ்ரர் உழவு மிசினின் பின்பெட்டியில் ஏறி நின்று ஒலிபெருக்கியில் அதைச் சுருக்கினார். எல்லாருக்கும் இலவசமாக லைற், பழைய சாமான் இருந்தாலே போதும், எல்லா வீட்டுக்கும் பரவும், கூட்டத்துக்குத் தவறாமல் வரவும். அவர் பொய் சொல்லவில்லை. ஒழுங்கைக்கு ஒழுங்கை அது வளர்ந்தது. லைற் வருதாம். கடைசி ஒழுங்கையை அடைந்தபோது, லைற் கம்பங்கள் பரந்தன் சந்தி வரைக்கும் வந்து இறங்கிவிட்டிருந்தன.

மண்டபம் அப்படி நிறைந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. வயலிலிருந்து கால் கழுவாமலே வந்திருந்தார்கள். ஒருவர் தோளில் வயர்ச்சுருள். கடைசி ஒழுங்கையிலிருந்து, நாற்று நடக் கூலிக்கு வருகிற ஒரு அக்கா வந்திருந்தார். கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கி வந்து எங்கள் ஊரில் குடியேறிய குடும்பம் அவருடையது. மடியில் ஒரு துவாய், துவாய்க்குள் ஒரு பல்ப். முதல் கேள்வி அவருடையது.

“டீச்சர், கம்பம் எங்க ஒழுங்கைக்கும் வருங்களா, இல்ல மெயின் றோட்டோட நின்னுடுமா?”

சின்னம்மாவுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியபோது அவர் முகம் வற்றிப்போனதைப் பார்த்தேன். தான் சொன்னது பாரமில்லாத லைற் என்று ஒருமுறை சொன்னார். பின்வரிசைக்குக் கேட்காததால் இன்னொருமுறையும் சொல்ல வேண்டியிருந்தது. மண்டபம் சிரிக்கத் தொடங்கியது.

“வயலுக்க நிக்கிற எலி போதாதெண்டு பெட்டிக்குள்ளயும் விட்டிருக்கிறா பிள்ளை,” என்றார் வயர்க்காரர்.

சிரிப்பு அடங்கும்வரை சின்னம்மா பொறுத்தார். பிறகு எஞ்சினை இழுக்கச் சொன்னார். லினக்ஸ் போட்ட பெட்டியையும், பழையபடி விட்டுவைத்த பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டார். எலிப்பெட்டி விழித்தது. அதில் தமிழில் ஒரு வரி எழுதினார், அழித்தார், இன்னொரு வரி எழுதினார். மற்றப் பெட்டியில் மணற்குடுவை சுழன்றுகொண்டிருந்தது. நான் கைதட்டினேன். இன்னும் சிலர் தட்டினார்கள். மடியில் பல்ப்போடு இருந்த அக்கா திரையைப் பார்க்கவில்லை, மேலே எரிந்த ரியூப் லைற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அம்மா எழும்பினார். பத்துப் பேர் கூடினால் கதவுக்குப் பின்னால் போகிறவர், சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு எழும்பி நின்றார்.

“நான் ஒண்டு கேக்கலாமோ? நாளைக்கு வவுனியாவில, கொழும்பில வேலைக்குப் போற பிள்ளையிட்ட உந்த எலியையோ கேப்பினம்?”

சின்னம்மா தன் தமக்கையைப் பார்த்தார். ஒரு பொய் போதும். அதைச் சரி பார்க்க அந்த மண்டபத்தில் யாரும் இல்லை.

“இல்லை அக்கா. இப்ப கேக்கமாட்டினம்.”

அதோடு முடிந்தது போலத்தான் இருந்தது. ஆட்கள் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். பெட்டிகளைப் பட்டணத்துக்கு ஏற்ற யாருடைய டிராக்டர் சும்மா நிற்கிறது என்று தலைவர் விசாரித்தார். அம்மாமேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சொந்தத் தங்கச்சியை நடுச்சபையில் இப்படி விழுத்துவார்களா?

பல்ப் அக்கா எழும்பவில்லை. இருந்த இடத்திலிருந்தே, பெட்டியைப் பற்றியெல்லாம் தனக்குத் தெரியாது என்று முதலில் சொல்லிவிட்டு, ஒன்று கேட்டார். அந்த மெதுவான பெட்டி எழும்பும்வரை எண்ணெய் எரியத்தானே செய்யும்? சின்னம்மா ஓம் என்றார்.

“அப்ப எலியில படிச்சா எண்ணெ மிஞ்சுமில்லங்களா. மிஞ்சுறதுல இந்த லைட்ட கொஞ்ச நேரம் விட்டு வைங்க டீச்சர். எம் மக பரீட்ச எழுதணும். புத்தகத்த எடுத்துக்கிட்டு வந்து இப்பிடி ஓரமா ஒக்காந்துக்குவா.”

செருப்பைத் தேடியவர்கள் நின்றார்கள். தங்கள் பிள்ளையும் வரலாமோ என்று ஒருவர் கேட்டார். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். தலைவர் கையுயர்த்தச் சொன்னபோது, எலியைத் திட்டியவர்களின் கைகளே முதலில் உயர்ந்தன. வயர்ச்சுருள் மாட்டிய தோளும் உயர்ந்தது. அம்மாவின் கை உயரவில்லை.

நாங்கள் வென்றுவிட்டோமா என்று சின்னம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன். அவர் பெட்டிக்குத் துணி போர்த்துக்கொண்டிருந்தார்.

“எண்ணெய் வெண்டிட்டுது,” என்றார்.

அப்படியே வகுப்பு நடந்தது. ஊர் சின்னம்மாவோடு கைகோத்ததெல்லாம் அந்த மிச்ச வெளிச்சத்துக்காகத்தான். அதற்காகக் காத்திருந்த பிள்ளைகளில் சிலர், பொழுது போகாமல் எலியையும் படித்தார்கள். சின்னம்மா சீடிகளைப் பிரதி எடுத்து, பஸ்சில் நெடுங்கேணிக்கும் பூநகரிக்கும் கொடுத்தனுப்பினார். பூநகரிக்குப் போனவை நெல்லுக்கு வரும் கிளிகளைக் கலைக்க வயல்வெளியில் மினுங்கித் தொங்குவதாகக் கேள்விப்பட்டோம். பரவுதுதானே என்று சொல்லிச் சிரித்தார். கனடா மாப்பிள்ளை வேறெங்கோ கட்டினார்.

பிறகு சண்டை மறுபடி தொடங்கி, பாதை மூடியது. மண்ணெண்ணெய் மருந்துபோலத் துளித்துளியாக வந்தது, பிறகு அதுவும் இல்லை. சண்டையின் கடைசி வருடம் எல்லாரும் கிழக்கே நடந்தார்கள், நாங்களும் நடந்தோம். முல்லைத்தீவுக் கரைவரைக்கும் சின்னம்மா எங்களோடு வந்தார். அங்கே விழுந்த எறிகணைகளில் ஒன்றோடு அவர் முடிந்துபோனார். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் களைப்பாக இருக்கிறது. எத்தனையோ முறை எழுதப் போய், சொல்லெல்லாம் தேய்ந்து திரும்பி வந்திருக்கிறேன்.

ஆனால் அந்தக் கூட்டம் முடிந்து வாய்க்கால் கரையால் வீட்டுக்கு நடந்த மாலை தேயவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. சின்னம்மா அம்மாவின் கையைப் பிடித்தார். அம்மா உதறினார். மறுபடி பிடித்தார்.

“விடுங்கோ அக்கா. நான் இங்கயே நிக்கிறன். இனிச் சண்டை வராது, ஒண்டும் நடக்காது.”

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். வீட்டுப் படலை வரைக்கும் அழுதார். ஒரு கொம்பியூட்டர் சண்டையில் தோற்றதற்கு இவ்வளவு அழுகையா என்று நினைத்தேன். நல்லா வேணும் என்றும் நினைத்தேன். அம்மா தோற்ற சந்தோஷத்தில் அவர்களுக்கு முன்னால் ஓடிப்போய்ப் படலையைத் திறந்துவிட்டேன்.